மைன்கிராஃப்ட் சர்வர்: நான் உள்ளே போகிறேன், நண்பர்களுக்கு "கனெக்‌ஷன் டைம்ட் அவுட்" வருகிறது

தாமிரபரணி, நெல்லை

வணக்கம் நண்பர்களே. வீட்டு டெஸ்க்டாப்பில் மைன்கிராஃப்ட் கேமுக்கு ஜாவா எடிஷன் சர்வர் போட்டிருக்கிறேன். விண்டோஸ் 11, ஜாவா 21, 16 ஜிபி ரேம். பள்ளியில் ஒன்றாகப் படித்தவர்கள் இப்போது ஆளுக்கொரு ஊரில் கல்லூரியில் இருக்கிறோம். தீபாவளி லீவுக்குள் எல்லோரும் சேர்ந்து ஒரு உலகத்தைத் தொடங்கிவிட வேண்டும் என்று ஆசை.

அதே கம்ப்யூட்டரில் லோக்கல்ஹோஸ்ட் (இதே கம்ப்யூட்டர் என்று அர்த்தம்) என்று கொடுத்தால் உடனே உள்ளே போய்விடுகிறேன். திருச்சியில் இருக்கும் நண்பன் என் ஐபி முகவரியைக் கொடுத்தால் ரொம்ப நேரம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, அப்புறம் "கனெக்‌ஷன் டைம்ட் அவுட்". யூடியூப் வீடியோ ஒன்றைப் பார்த்து ரூட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து ஒரு போர்ட் எண்ணுக்கு வருவதை என் கம்ப்யூட்டருக்குத் திருப்பிவிடுவது) போட்டேன்: போர்ட் 25565, டிசிபி. சர்வரை அழித்துவிட்டு மறுபடியும் இன்ஸ்டால் செய்தும் பார்த்தாகிவிட்டது. எங்கே தடுக்கிறது என்றே பிடிபடவில்லை. யாராவது வழி சொல்லுங்கள்.


கோவை கோடர்

ஃபயர்வாலை முழுசாக ஆஃப் செய்து பாருங்கள் ப்ரோ. பல பேருக்கு அதுதான் பிரச்சினை.


வயர்மேன், மதுரை

முழுசாக ஆஃப் செய்ய வேண்டாம் தம்பி. தடை வேறு இடத்தில் இருந்தால் நண்பனும் உள்ளே வர மாட்டான், கம்ப்யூட்டரும் காவல் இல்லாமல் கிடக்கும். நான் பிராட்பேண்ட் ஃபீல்டு வேலையில் இருக்கிறவன். இந்த மாதிரி கேஸில் முதலில் பார்க்க வேண்டியது ஸ்கிரீனில் வந்த அந்த ஒரு வரியைத்தான். நிறைய பேர் "கனெக்ட் ஆகவில்லை" என்று மட்டும் எழுதுவார்கள். நீங்கள் எரரை அப்படியே எழுதியது நல்லதாகப் போயிற்று.

"கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு" என்று உடனே வந்தால், உங்கள் கோரிக்கை ஏதோ ஒரு இயந்திரம் வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. அந்த போர்ட்டில் எதுவும் ஓடவில்லை என்று அந்த இயந்திரமே பதில் அனுப்பிவிட்டது. சர்வர் ஓடாமல் இருக்கலாம், போர்ட் எண் மாறியிருக்கலாம், சில சமயம் பதில் சொல்வது கம்ப்யூட்டராக இல்லாமல் ரூட்டராகவும் இருக்கலாம். "டைம்ட் அவுட்" அப்படி இல்லை. பதிலே வரவில்லை. வழியில் யாரோ அந்தத் தரவு பாக்கெட்டைச் சத்தம் காட்டாமல் போட்டுவிட்டார்கள், அல்லது முகவரியே தப்பு. விண்டோஸ் ஃபயர்வால் இப்படித்தான் செய்யும். ரூட்டரும் செய்யும், சேவை நிறுவனத்தின் கருவிகளும் செய்யும். "அன்நோன் ஹோஸ்ட்" என்று வந்தால் இரண்டும் இல்லை. பெயரை ஐபி முகவரியாக மாற்றுவதிலேயே நின்றுவிட்டது, பெரும்பாலும் டைப்பிங் பிழை, அல்லது அந்த மாற்றத்தைச் செய்யும் டிஎன்எஸ்ஸில் கோளாறு.

லோக்கல்ஹோஸ்டில் விளையாட முடிகிறது என்றால் சர்வர் நன்றாகத்தான் இருக்கிறது. இனி அதைத் தொட வேண்டாம். கிட்டத்தில் ஆரம்பித்துத் தூரத்துக்குப் போவோம்.

வீட்டில் இன்னொரு லேப்டாப் இருந்தால், அதே வைஃபையில் இருந்துகொண்டு உங்கள் டெஸ்க்டாப்பின் 192.168 என்று தொடங்கும் முகவரியைக் கொடுத்து உள்ளே போக முடிகிறதா என்று பாருங்கள். கெஸ்ட் வைஃபை வேண்டாம், அதில் கருவிகள் ஒன்றையொன்று பார்க்க முடியாதபடி பூட்டியிருப்பார்கள். அடுத்து, ரூட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் வேன் ஐபி (இணையப் பக்கம் ரூட்டருக்குக் கிடைத்த முகவரி) என்று ஒன்று இருக்கும். அதையும், "என் ஐபி என்ன" என்று கூகுளில் தேடினால் வரும் எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முழு எண்ணையும் இங்கே போட வேண்டாம், முதல் இரண்டு பகுதி போதும்.


மீனா பிளாக்ஸ், சென்னை

கூடவே இதையும் பாருங்கள்: சர்வர் ப்ராபர்ட்டீஸ் ஃபைலில் "சர்வர் ஐபி" என்று ஒரு வரி இருக்கும். அது காலியாக இருக்க வேண்டும். நிறைய வீடியோக்களில் அங்கே வெளி இணையத்தில் தெரியும் பப்ளிக் ஐபியைப் போடச் சொல்கிறார்கள். போட்டால் சர்வர் தொடங்கும்போதே "ஃபெயில்டு டு பைண்ட் டு போர்ட்" என்று கத்தும், ஏனென்றால் அந்த முகவரி ரூட்டருடையது, உங்கள் கம்ப்யூட்டருக்கு அப்படி ஒரு முகவரியே கிடையாது. பழைய சர்வர் ஒன்று பின்னால் ஓடிக்கொண்டிருந்தாலும் இதே எரர்தான் வரும்.

இன்னொன்று, உங்கள் வீட்டு வைஃபையில் இருந்தபடியே உங்கள் பப்ளிக் ஐபியைக் கொடுத்துச் சோதிக்காதீர்கள். வெளியே போய்த் திரும்பி உள்ளே வருகிற அந்தச் சுற்றைப் பல வீட்டு ரூட்டர்கள் அனுமதிக்காது. வெளியிலிருந்து எல்லாம் சரியாக இருந்தும் உங்களுக்கு மட்டும் டைம்ட் அவுட் வரும், தேவையில்லாமல் குழம்பிப்போவீர்கள். மொபைல் டேட்டாவில் ஹாட்ஸ்பாட் போட்டு இன்னொரு லேப்டாப்பிலிருந்து பாருங்கள்.


தாமிரபரணி

நன்றி அண்ணா, நன்றி அக்கா. சர்வர் ஐபி வரி காலியாகத்தான் இருக்கிறது. தங்கச்சி லேப்டாப்பில் ஜாவா எடிஷன் இருக்கிறது, அதே வைஃபை. 192.168.1.7 கொடுத்துப் பார்த்தேன். அதிலும் டைம்ட் அவுட்! வீட்டுக்குள்ளேயே வேலை செய்யவில்லை என்று இப்போதுதான் தெரிகிறது. ரூட்டர் பக்கத்தை ராத்திரி பார்த்துச் சொல்கிறேன், பாஸ்வேர்டு அப்பாவிடம் இருக்கிறது.


வயர்மேன், மதுரை

நல்லது. அப்படியென்றால் உங்கள் கம்ப்யூட்டரிலேயே ஒரு தடை இருக்கிறது. ரூட்டருக்கு அப்பால் இன்னொரு தடையும் இருக்கலாம், அது அப்புறம்.

சர்வரை முதல் தடவை ஓடவிட்டபோது விண்டோஸ் ஒரு பெட்டியைக் காட்டி, ஜாவாவை நெட்வொர்க்கில் அனுமதிக்கலாமா என்று கேட்டிருக்கும். அதில் "கேன்சல்" அழுத்தினால் விண்டோஸ் சும்மா விடாது. ஜாவாவுக்கு எதிராக தரவு போகும் இரண்டு முறைகளான டிசிபிக்கு ஒன்று, யுடிபிக்கு ஒன்று என்று தடை விதிகளை எழுதி வைத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு நீங்கள் 25565-க்கு அனுமதி விதி போட்டாலும் பலிக்காது. விண்டோஸ் ஃபயர்வாலில் அனுமதியும் தடையும் ஒன்றாக இருந்தால் தடைதான் ஜெயிக்கும். இது தெரியாமல் அனுமதி விதியை மேலே மேலே போட்டுக்கொண்டே இருப்பவர்களை நிறைய பார்த்திருக்கிறேன்.

ஸ்டார்ட் மெனுவில் "விண்டோஸ் டிஃபெண்டர் ஃபயர்வால் வித் அட்வான்ஸ்டு செக்யூரிட்டி" என்று தேடித் திறங்கள். இடது பக்கம் "இன்பவுண்ட் ரூல்ஸ்". பட்டியலில் "ஓப்பன்ஜேடிகே பிளாட்ஃபார்ம் பைனரி" அல்லது "ஜாவா பிளாட்ஃபார்ம் எஸ்இ பைனரி" என்ற பெயர்கள் இருக்கும். பக்கத்தில் சிவப்பு வட்டம் போட்டிருந்தால் அதுதான் தடை. அந்த வரிகளை மட்டும் நீக்குங்கள். அப்புறம் புதிய விதி: போர்ட், டிசிபி, 25565, அலவ். எந்த வகை நெட்வொர்க்குக்கு என்று கேட்கும்போது பிரைவேட் மட்டும் டிக் செய்தால் போதும். அதற்கு உங்கள் வீட்டு வைஃபை விண்டோஸில் "பிரைவேட்" என்று இருக்க வேண்டும். புது நெட்வொர்க் எதுவானாலும் விண்டோஸ் 11 அதை "பப்ளிக்" என்றுதான் எடுத்துக்கொள்ளும். செட்டிங்ஸில் போய் மாற்றிவிடுங்கள்.

வேறு கம்பெனி ஆன்டிவைரஸ் போட்டிருந்தால் அதற்குத் தனி ஃபயர்வால் இருக்கக்கூடும். அதையும் பாருங்கள்.


தாமிரபரணி

அண்ணா, சிவப்பு வட்டத்தோடு அப்படியே இருந்தது! நீக்கிவிட்டு நீங்கள் சொன்ன விதியைப் போட்டேன். தங்கச்சி உள்ளே வந்துவிட்டாள், வந்ததும் என் வீட்டுச் சுவரை உடைக்க ஆரம்பித்துவிட்டாள்.

ஆனால் திருச்சி நண்பனுக்கு இன்னும் அதே டைம்ட் அவுட்தான். ஹாட்ஸ்பாட்டில் நானும் பார்த்தேன், அதே. ரூட்டர் பக்கத்தில் வேன் ஐபி 100.72 என்று தொடங்குகிறது. கூகுளில் வருவது 49-இல் தொடங்கும் வேறு எண்.


வயர்மேன், மதுரை

விடை கிடைத்துவிட்டது தம்பி. உங்களுக்கென்று தனி பப்ளிக் ஐபி கிடையாது. ரூட்டரில் எத்தனை போர்ட் திறந்தாலும் பயன் இல்லை. இனி அந்தப் பக்கம் மெனக்கெட வேண்டாம்.

100.64-இலிருந்து 100.127 வரைக்கும் உள்ள முகவரிகள் பொது இணையத்தில் புழங்காதவை. 2012-இல் ஆர்எஃப்சி 6598 என்ற ஆவணத்தின் மூலம் இதற்கென்றே ஒதுக்கி வைத்தார்கள். சேவை நிறுவனங்கள் தங்கள் வாடிக்கையாளர்களுக்கு இந்த முகவரிகளைக் கொடுத்துவிட்டு, ஒரு பப்ளிக் ஐபிக்குப் பின்னால் பல வீடுகளை உட்கார வைக்கும். இதற்கு கேரியர் கிரேடு நாட் என்று பெயர், சுருக்கமாக சிஜிநாட். காரணம் ஐபிவி4 பற்றாக்குறை. 32 பிட் முகவரி, மொத்தம் சுமார் 430 கோடிதான். ஆசிய பசிபிக் பகுதிக்கு முகவரி பிரித்துத் தரும் ஏப்நிக் 2011 ஏப்ரலிலேயே கடைசித் தொகுதிக்கு வந்துவிட்டது. நம் நாட்டில் வீட்டுக்கு வீடு ஃபைபர் வந்தது பெரும்பாலும் அதற்கு அப்புறம்தான்.

வீட்டில் போன் இல்லாதவர்கள் ஒரு காலத்தில் கல்யாணப் பத்திரிகையில் பக்கத்துக் கடை நம்பரைப் போட்டு "பி.பி." என்று எழுதுவார்கள். அந்தக் கடையிலிருந்து நீங்கள் யாரை வேண்டுமானாலும் கூப்பிடலாம். வெளியிலிருந்து உங்களைக் கூப்பிட வேண்டுமென்றால் கடைக்காரர் ஆள் அனுப்பிக் கூட்டி வர வேண்டும். சிஜிநாட்டில் அப்படிக் கூட்டி வர ஆள் இல்லை. திருச்சியிலிருந்து 25565-க்கு வரும் கோரிக்கை நிறுவனத்தின் பெட்டி வரைக்கும் வரும். பின்னால் இருக்கும் வீடுகளில் யாருக்குக் கொடுப்பது என்று அந்தப் பெட்டிக்குத் தெரியாது, போட்டுவிடும். அதனால்தான் டைம்ட் அவுட்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் சொல்கிறேன். போர்ட் ஃபார்வர்டிங் பக்கம் போவதற்கு முன்னால் இந்த இரண்டு எண்களையும் ஒப்பிட்டுவிடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் ரூட்டரில் வேலை செய்வதில் அர்த்தம் உண்டு. வேன் ஐபி 100.64 முதல் 100.127 வரைக்குள்ளோ, 10-இலோ தொடங்கினால் வேறு வழி பாருங்கள். 192.168 என்று இருந்தால் பெரும்பாலும் வீட்டிலேயே இரண்டு ரூட்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக இருக்கின்றன: நிறுவனம் வைத்த பெட்டி ஒன்று, நீங்கள் வாங்கிய ரூட்டர் ஒன்று. முதல் பெட்டியை பிரிட்ஜ் மோடுக்கு (ரூட்டர் வேலையை விட்டு இணைப்பை மட்டும் கடத்தும் நிலைக்கு) மாற்றச் சொல்லுங்கள், அல்லது இரண்டிலும் ஃபார்வர்டிங் போடுங்கள்.


கோவை கோடர்

சிஜிநாட் என்றால் கஸ்டமர் கேரில் பேசி ஸ்டாட்டிக் ஐபி (உங்களுக்கென்றே உள்ள மாறாத பப்ளிக் ஐபி) வாங்கலாம். மாதாமாதம் தனிக் கட்டணம். சில நிறுவனங்கள் வீட்டு இணைப்புக்குத் தருவதே இல்லை, பிசினஸ் பிளானுக்கு மாறச் சொல்வார்கள். ஒரு கேமுக்காக அது தேவையில்லை என்பது என் கருத்து.

ஐபிவி6 (ஐபிவி4-க்கு அடுத்த தலைமுறை முகவரி) வழி ஒன்று இருக்கிறது. அதில் சிஜிநாட் தொல்லை கிடையாது, கம்ப்யூட்டருக்கே நேரடி முகவரி கிடைக்கும். நண்பர்களுக்கும் ஐபிவி6 இருக்க வேண்டும். நம்ம ஊர் மொபைல் டேட்டாவில் பெரும்பாலும் இருக்கிறது.


வயர்மேன், மதுரை

ஐபிவி6 நல்ல வழிதான், நானும் வீட்டில் அதைத்தான் பயன்படுத்துகிறேன். ஆனால் தம்பி கவனிக்க வேண்டிய விஷயங்கள் உண்டு. ரூட்டரில் ஐபிவி6-க்கென்று தனி ஃபயர்வால் இருக்கும், வெளியிலிருந்து வருவதை அது தடுக்கும். சில ரூட்டர்களில் ஒரு போர்ட்டை மட்டும் திறக்கும் வசதி இருக்கும், சிலவற்றில் மொத்தத்தையும் அணைக்கத்தான் முடியும். மொத்தமாக அணைத்தால் வீட்டில் இருக்கும் டிவி, கேமரா எல்லாம் வெளியே தெரியும். அதைச் செய்யாதீர்கள்.

விண்டோஸ் ஐபிவி6 முகவரிகளில் "டெம்பரரி" என்று ஒன்றைக் காட்டும். அது அவ்வப்போது மாறும், நண்பர்களுக்குக் கொடுக்க வேண்டாம். மற்றதைக் கொடுங்கள். கேமில் போடும்போது முகவரியைச் சதுர அடைப்புக்குறிக்குள் வைத்து, அப்புறம் முக்காற்புள்ளி, அப்புறம் 25565. அடைப்புக்குறி இல்லாமல் போட்டால் எது முகவரி, எது போர்ட் என்று கேமுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது.


மீனா பிளாக்ஸ், சென்னை

தாமிரபரணி, நண்பர்கள் மட்டும்தானே விளையாடப் போகிறீர்கள்? அப்படியென்றால் என் ஓட்டு டெய்ல்ஸ்கேல் என்ற மென்பொருளுக்கு. அண்ணன் பிள்ளைகளுக்காக நான் நடத்தும் சர்வர் அதில்தான் ஓடுகிறது. எல்லோரும் அவரவர் கம்ப்யூட்டரில் போட்டுக்கொள்ள வேண்டும். அப்புறம் எல்லாக் கம்ப்யூட்டரும் ஒரே வீட்டு வைஃபையில் இருக்கிற மாதிரி ஆகிவிடும். ரூட்டரைத் தொடவே வேண்டாம். இருபுறமும் உள்ளேயிருந்து வெளியே கிளம்பிப் போய்ச் சந்தித்துக்கொள்வதால் சிஜிநாட் தடுப்பதில்லை. ஜீரோடியரும் இதே வேலையைச் செய்யும்.

சேர்ந்ததும் உங்கள் கம்ப்யூட்டருக்கு 100-இல் தொடங்கும் ஒரு முகவரி கிடைக்கும். வயர்மேன் சொன்ன அதே 100.64 வரிசையைத்தான் டெய்ல்ஸ்கேலும் எடுத்துக்கொள்கிறது, அதைப் பார்த்துவிட்டு மறுபடியும் சிஜிநாட்டா என்று பயப்பட வேண்டாம். நண்பர்கள் அந்த முகவரியைத்தான் போட வேண்டும்.

நண்பர்களை இன்ஸ்டால் செய்ய வைப்பது கஷ்டம் என்றால் பிளேஇட் போன்ற டனல் சேவை இருக்கிறது. சர்வர் இருக்கும் கம்ப்யூட்டரில் மட்டும் போட்டால் போதும், எல்லோருக்கும் கொடுக்க ஒரு முகவரி தரும். விளையாட்டு முழுவதும் அவர்களுடைய இயந்திரம் வழியாகச் சுற்றிப் போகும், அது எந்த ஊரில் இருக்கிறதோ அதற்கேற்ப பிங் (பதில் வர ஆகும் நேரம்) கூடும். கட்டி விளையாடுவதற்குப் பரவாயில்லை. ஆளுக்கு ஆள் மோதும் பிவிபி சண்டை என்றால் கை பிசகும்.


தாமிரபரணி

டெய்ல்ஸ்கேல் போடலாம் என்று முடிவு செய்துவிட்டோம். ஒரு சந்தேகம். டனலோ ஐபிவி6-ஓ போட்டால் தெரியாதவர்கள் யாராவது உள்ளே வர முடியுமா? கூட்டத்தில் ஒருவனிடம் வாங்கின கேம் இல்லை, அவனுக்காக ஆன்லைன் மோடை "ஃபால்ஸ்" ஆக்கச் சொல்கிறான்.


மீனா பிளாக்ஸ், சென்னை

வர முடியும், வருவார்கள். இணையம் முழுக்க 25565-ஐத் தட்டித் தட்டிப் பார்ப்பதற்கென்றே ஓடும் ஸ்கேனர்கள் இருக்கின்றன. முகவரியை யாருக்கும் சொல்லாவிட்டாலும் கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால் ஒயிட்லிஸ்ட் (உள்ளே விடும் ஆட்களின் பட்டியல்) கட்டாயம்.

ஆன்லைன் மோடு "ட்ரூ" என்று இருந்தால் உள்ளே வருபவர் உண்மையிலேயே அந்தப் பெயருக்கு உரியவரா என்று சர்வர் கேமை உருவாக்கிய மோஜாங்கிடம் கேட்டு உறுதி செய்யும். "ஃபால்ஸ்" ஆக்கினால் அந்தக் கேள்வியே கிடையாது. யார் வேண்டுமானாலும் உங்கள் பெயரை டைப் செய்து வரலாம், நீங்கள் ஓபி (சர்வரில் முழு அதிகாரம் உள்ளவர்) என்றால் அவரும் ஓபிதான். ஒயிட்லிஸ்டும் அப்போது வெறும் பெயர்ப் பட்டியல்தான். எனக்குத் தெரிந்த ஒரு சின்னக் கூட்டத்தின் உலகம் இப்படித்தான் ஒரே ராத்திரியில் தரைமட்டமாகப் போனது. பிள்ளைகள் மாதக்கணக்காகக் கட்டிய ஊர். பேக்கப்பும் இல்லை. அந்த நண்பனுக்காக எல்லோரும் சேர்ந்து கேமை வாங்கிக் கொடுத்துவிடுங்கள், அதுதான் நல்லது.

சர்வர் வெர்ஷனையும் பழசாக வைத்துக்கொள்ளாதீர்கள். 2021 டிசம்பரில் சர்வர் பயன்படுத்தும் ஒரு மென்பொருள் பகுதியில் லாக்4ஷெல் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியானபோது சாட்டில் ஒரு வரி டைப் செய்தாலே சர்வர் இருக்கும் கம்ப்யூட்டரைக் கைப்பற்றும் நிலை இருந்தது. அதற்காகவே 1.18.1 வெர்ஷன் அவசரமாக வந்தது. அதற்கு முந்தைய வெர்ஷன்களைத் திருத்தம் செய்யாமல் திறந்து வைப்பது ஆபத்து.


தாமிரபரணி

எல்லோரும் வந்துவிட்டார்கள்! நேற்று ராத்திரி ஆற்றங்கரையில் ஒரு கிராமமே கட்டி முடித்தோம். மற்றவர்களுக்கு உதவும் என்று வழியில் வந்த எரர்களையும் எழுதுகிறேன்.

டெய்ல்ஸ்கேல் போட்டதும் முதலில் மறுபடியும் டைம்ட் அவுட் வந்தது. விண்டோஸ் அந்தப் புது நெட்வொர்க்கை "பப்ளிக்" என்று எடுத்துக்கொண்டிருந்தது, நாம் போட்ட விதி பிரைவேட்டுக்கு மட்டும். விதியில் பப்ளிக்கையும் சேர்த்துவிட்டு, ரிமோட் ஐபி என்ற இடத்தில் டெய்ல்ஸ்கேல் முகவரி வரிசையான 100.64.0.0/10 என்று மட்டும் கொடுத்தேன். சரியாகிவிட்டது. வெளியில் எடுத்துப் போகும் லேப்டாப் இல்லை என்பதால் இது போதும் என்று நினைக்கிறேன்.

திருச்சி நண்பனுக்கு "இன்வேலிட் செஷன்" என்று வந்தது. லாஞ்சரை முழுசாக மூடித் திறந்து மறுபடி லாகின் செய்ததும் போய்விட்டது. இன்னொருவனுக்கு "அவுட்டேட்டட் சர்வர்". அவன் லாஞ்சர் தானாகவே புது வெர்ஷனுக்குப் போயிருந்தது, பழையதைத் தேர்ந்தெடுத்ததும் உள்ளே வந்தான். ஹாஸ்டல் வைஃபையில் இருக்கிறவனுக்கு மட்டும் பிங் எகிறுகிறது. மொபைல் ஹாட்ஸ்பாட்டில் வந்தால் நன்றாக இருக்கிறது. ஏன் அப்படி?


வயர்மேன், மதுரை

ஹாஸ்டல் நெட்வொர்க்கில் யுடிபியைத் தடுத்திருப்பார்கள். நேரடிப் பாதை கிடைக்காதபோது டெய்ல்ஸ்கேல் தன் ரிலே சர்வர் வழியாகச் சுற்றிக் கொண்டுவரும். அது சாதாரண இணையதளப் போக்குவரத்து மாதிரி 443 போர்ட்டில் போவதால் தடையைத் தாண்டிவிடும், ஆனால் தாமதம் கூடும். டெய்ல்ஸ்கேலின் ஸ்டேட்டஸ் கட்டளையில் அவன் பெயருக்கு நேரே "ரிலே" என்று இருக்கும், மற்றவர்களுக்கு "டைரக்ட்" என்று இருக்கும். ஒப்பிட்டுப் பாருங்கள்.

ரூட்டரில் போட்ட பழைய போர்ட் ஃபார்வர்டிங்கை நீக்கிவிடுங்கள். இப்போது அதற்கு வேலை இல்லை. நாளைக்கு நிறுவனம் பப்ளிக் ஐபி கொடுத்தால் உங்களுக்குத் தெரியாமலே அந்தப் போர்ட் திறந்திருக்கும்.


தாமிரபரணி

நீக்கிவிட்டேன் அண்ணா. கடைசியாக ஒன்று: சித்தி பையன் போனில் விளையாடுகிறான். அவனுக்கு டெய்ல்ஸ்கேல் ஆப் போட்டுக் கொடுத்தும் "அன்ஏபிள் டு கனெக்ட் டு வேர்ல்ட்" என்றுதான் வருகிறது.


மீனா பிளாக்ஸ், சென்னை

போனில் இருப்பது பெட்ராக் எடிஷன். பெயர் ஒன்றுதான், பேசுகிற மொழி வேறு. ஜாவா எடிஷன் டிசிபி 25565, பெட்ராக் யுடிபி 19132. நடுவில் மொழிபெயர்க்க கெய்சர் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. நீங்கள் மோஜாங்கின் வெனிலா (மாற்றம் செய்யாத) சர்வர் வைத்திருந்தால், பிளகின் ஏற்கும் பேப்பர் சர்வருக்கு மாறி, கெய்சரை பிளகின்னாகப் போடுவது சுலபம். கூடவே ஃப்ளட்கேட் போட்டால் அவனுக்குத் தனியாக ஜாவா கணக்கு தேவைப்படாது, ஆன்லைன் மோடையும் தொட வேண்டாம். மாறுவதற்கு முன்னால் உலகம் இருக்கும் ஃபோல்டரை வேறு இடத்தில் காப்பி எடுத்து வையுங்கள், அந்த கிராமம் போய்விடக் கூடாது.

ஃபயர்வாலில் 19132-க்கு யுடிபி என்று தனி விதி. டிசிபி என்று போட்டுவிட்டு நாள் முழுக்கத் தேடுகிறவர்கள் உண்டு. ஒயிட்லிஸ்டில் அவன் பெயருக்கு முன்னால் புள்ளி வரும், அது ஃப்ளட்கேட் வழக்கமாகச் சேர்ப்பது.


பனைமரம், யாழ்ப்பாணம்

வணக்கம். இந்த இழையை முழுக்க வாசித்தேன், மிகவும் பயனாக இருந்தது. எனக்குச் சிக்கல் வேறு மாதிரி. தம்பியும் அவன்ட நண்பர்களும் பிரச்சினை இல்லாமல் உள்ளே வருகிறார்கள். கொஞ்ச நேரம் விளையாடிய பிறகு எல்லாரும் ஒரேயடியாக "டைம்ட் அவுட்" என்று வெளியே போய்விடுகிறார்கள். சர்வர் ஒரு பழைய மடிக்கணினியில் இருக்கிறது, 8 ஜிபி ரேம், வைஃபை. இணைய இணைப்பில் பிழையா? தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.


வயர்மேன், மதுரை

வணக்கம். உள்ளே வந்த பிறகு வரும் டைம்ட் அவுட் வேறு வகை. சர்வரும் கேமும் "இருக்கிறாயா" என்று அடிக்கடி ஒன்றையொன்று கேட்டுக்கொண்டே இருக்கும். 30 விநாடிக்கு எதுவும் வரவில்லை என்றால் தொடர்பை அறுத்துவிடும். ஒருவர் மட்டும் விழுந்தால் அவருடைய இணைப்பைச் சந்தேகிக்கலாம். எல்லோரும் ஒரே நேரத்தில் விழுந்தால் சர்வர் இருக்கும் இடத்தைத்தான் பார்க்க வேண்டும்.

விழுந்த நேரத்தில் சர்வர் கன்சோலில் "கான்ட் கீப் அப்! இஸ் தி சர்வர் ஓவர்லோடட்?" என்று வருகிறதா பாருங்கள். மைன்கிராஃப்ட் சர்வர் ஒரு விநாடியில் 20 டிக் (கேம் உலகத்தை ஒரு படி நகர்த்தும் சுற்று) ஓட வேண்டும், ஒன்றுக்கு 50 மில்லிவிநாடிதான் நேரம். கணினியால் முடியவில்லை என்றால் பின்தங்கிப் பின்தங்கி ஒரு கட்டத்தில் பதில் சொல்லக்கூட நேரம் இல்லாமல் போகும். அந்த வரி இல்லாமல் விழுகிறார்கள் என்றால் வைஃபை.


பனைமரம், யாழ்ப்பாணம்

அந்த வரி நிறைய இருக்கிறது. பிள்ளைகள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு திசையில் எலிட்ரா இறக்கையில் பறக்கும்போதுதான் கூட வருகிறது. ஜாவாவுக்கு 7 ஜிபி ஒதுக்கியிருக்கிறேன், இன்னும் கூட்டட்டோ?


மீனா பிளாக்ஸ், சென்னை

கூட்டாதீர்கள், குறையுங்கள். 8 ஜிபி இருக்கும் கணினியில் 7 ஜிபியை ஜாவாவுக்குக் கொடுத்தால் விண்டோஸுக்கு இடமில்லாமல் எல்லாம் டிஸ்க்குக்குப் போகும், பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் அங்கேயே நின்றுவிடும். 4 ஜிபி போதும். பறக்கும்போது புதுப்புது நிலத்தைச் சர்வர் உருவாக்க வேண்டியிருக்கிறது, அதுதான் மிகப் பெரிய சுமை. சர்வர் ப்ராபர்ட்டீஸில் வியூ டிஸ்டன்ஸ் (எவ்வளவு தூரம் தெரியும்) 10 என்று இருக்கும், அதை 6 ஆக்குங்கள். சிமுலேஷன் டிஸ்டன்ஸும் (எவ்வளவு தூரம் உலகம் இயங்கும்) 10 இருக்கும், அது 5 போதும். முடிந்தால் சங்கி என்ற பிளகின் போட்டு, யாரும் இல்லாத நேரத்தில் சுற்றுவட்டார நிலத்தை முன்கூட்டியே உருவாக்கி வையுங்கள். அப்புறம் அந்த எல்லைக்குள் எவ்வளவு பறந்தாலும் தாங்கும்.


பனைமரம், யாழ்ப்பாணம்

4 ஜிபி, வியூ 6, சிமுலேஷன் 5 ஆக்கினேன். சங்கியை இரவு முழுக்க ஓடவிட்டேன். இன்றைக்குப் பின்னேரம் முழுக்க விளையாடினார்கள், ஒருவரும் விழவில்லை. மிக்க நன்றி அக்கா, அண்ணை. மடிக்கணினியின் மூடியை மூடினால் மட்டும் சர்வர் நின்றுவிடுகிறது.


வயர்மேன், மதுரை

கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், "சூஸ் வாட் க்ளோசிங் தி லிட் டஸ்" என்பதில் பிளக்-இன் பக்கம் "டூ நத்திங்" கொடுங்கள். ஸ்லீப்பை "நெவர்" ஆக்குங்கள். மூடி வைக்கும்போது கட்டில் மேல், தலையணை மேல் வைக்க வேண்டாம், காற்றுப் போகும் இடம் அடைபட்டால் சூடாகிப் பிராசசர் வேகம் குறைந்து அதே "கான்ட் கீப் அப்" திரும்பி வரும். லேன் கேபிள் எட்டுமானால் வைஃபையை விட்டு அதில் போடுங்கள்.